கனடாவில் இருக்கும் குழந்தைக்கு ஓர் ஊஞ்சல்

ஒரு சிறுவர் பூங்கா நல்லதா கெட்டதா என்பதை வெளியிலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதன் சறுக்குமரத்தில் உட்கார்ந்து பார்க்காதவர்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். அறுபது தாண்டிய வயதில், திருச்சி கே.கே. நகரைச் சுற்றியுள்ள அத்தனை சறுக்குமரங்களிலும் ஏறி இறங்கிய பெருமை எனக்கு மட்டும்தான் இருக்கும்.

எல்லாம் பேத்திக்காக. மகள் குடும்பம் கனடாவில் இருக்கிறது. நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு மாத விடுமுறைக்கு வருகிறோம் என்று போனில் சொன்ன மகள் கையோடு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"அப்பா, போன தடவை அங்க விளையாட ஒண்ணுமே இல்லைன்னு மூணாம் நாளே அழ ஆரம்பிச்சுட்டா. இந்தத் தடவையும் அப்படின்னா ஒரு வாரத்துல கோயம்புத்தூர் கிளம்பிடுவோம். அப்புறம் வருத்தப்படாதீங்க."

கோயம்புத்தூரில் இருப்பது சம்பந்தி வீடு. அந்த அபார்ட்மென்ட்டில் நீச்சல் குளம் இருக்கிறது, ரப்பர் தரை போட்ட விளையாட்டு இடம் இருக்கிறது. அதையெல்லாம் படம் பிடித்து அவ்வப்போது எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிற சம்பந்தியும் இருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் என் வீட்டில் ஒரு மாதம் இருக்க வேண்டிய குழந்தையை அவர் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டி இழுத்துக்கொண்டு போவதா? எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கைலாசபுரம் பாய்லர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவரை எனக்கு வேலையே அடுத்தவர் செய்த வெல்டிங்கில் குறை கண்டுபிடிப்பதுதான். தட்டிப் பார்க்காமல், அளந்து பார்க்காமல் எதற்கும் சரி என்று கையெழுத்துப் போட்டதில்லை. ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பழக்கத்தை வீட்டில் இட்லிப் பானை மேல் காட்டப்போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. இப்போது அதற்கு ஒரு நல்ல உபயோகம் வந்ததில் அவளுக்கும் நிம்மதி.

எங்கள் தெருக்கோடியில் 'பூங்காவிற்கு ஒதுக்கப்பட்ட இடம்' என்று ஒரு பலகை உண்டு. மனை வாங்கும்போது இதைக் காட்டித்தான் விலை சொன்னார்கள். அன்று முதல் இன்று வரை அங்கே வளர்ந்தது பலகையைச் சுற்றிய கருவேல முள் மட்டும்தான். விளையாடுபவை இரண்டு ஆடுகள். அவை மிகவும் திருப்தியாக இருக்கின்றன.

அடுத்த பூங்காவில் ஊஞ்சல்கள் இருந்தன, ஆனால் சங்கிலியை மேல் கம்பியில் சுற்றி எட்டாத உயரத்தில் தொங்க விட்டிருந்தார்கள். நடைப்பயிற்சி செய்பவர்களுக்கு ஊஞ்சல் சத்தம் தொந்தரவாம். நானும் நடைப்பயிற்சி செய்பவன்தான், என் இனத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை. இன்னொன்றில் சறுக்குமரம் எவர்சில்வர் தகடு. மாலை வெயிலில் அதில் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தேன். தண்ணீர் தெளித்திருந்தால் தோசை வார்த்திருக்கலாம்.

அங்கே காவலுக்கு இருந்தவர் என்னைக் கொஞ்ச நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து, "குழந்தை எங்க சார்?" என்றார்.

"கனடாவுல."

அவர் சறுக்குமரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க ஏன் சார் ஏறுறீங்க?"

"அவ வரப்போறா."

"வரட்டும் சார். வந்ததும் அவங்களே ஏறிக்கட்டும். நீங்க இறங்குங்க."

நியாயமான பேச்சு. இறங்கினேன்.

வண்டியை விரட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வரை போனேன். அங்கே ஒரு பூங்காவில் ஊஞ்சலின் கொக்கியை நான் விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் திருமண்ணோடு உட்கார்ந்திருந்த ஒருவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"அதுல குழந்தையை ஏத்திடாதீங்கோ ஸ்வாமி. பெருமாளுக்கு வருஷா வருஷம் ஊஞ்சல் உற்சவம் ஜோரா நடக்கறது. குழந்தேளுக்குத்தான் ஒழுங்கா ஒரு ஊஞ்சல் பிராப்தம் இல்லை."

கொக்கி பாதி தேய்ந்திருந்தது. அவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு.

கடைசியில் அகப்பட்டது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத சின்னப் பூங்கா. வேப்பமர நிழல், கீழே மணல். தாழ்வான இரண்டு ஊஞ்சல்கள், குட்டையான சறுக்குமரம். விழுந்தாலும் முட்டி கூடத் தேயாது. டேப் வைத்து அளந்தேன். அவள் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாமல் தாராளமாக வீசி ஆடலாம். ஒரு நட்டு லூசாக இருந்தது, ஸ்பேனர் கொண்டுபோய் முடுக்கினேன். கிரீச்சென்று கத்திய இடத்தில் கிரீஸ் வைத்தேன்.

"நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட நீங்க இவ்வளவு அலையலை" என்றாள் மனைவி.

"அலையாததாலதான் நீச்சல் குளம் வச்ச சம்பந்தி வந்து வாய்ச்சிருக்கார்" என்றேன்.

அவர்கள் வந்த அன்று திருச்சி ஏர்போர்ட்டில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் தள்ளுவண்டியோடு வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். நான் இருவருக்கும் பின்னால் பேத்தியைத் தேடினேன். அந்தப் பெரிய பெண் "தாத்தா" என்று என் எதிரே வந்து நின்றாள். அவள் தலை என் நெஞ்சுக்கு வந்தது.

வயது ஒன்பது என்பது எனக்குத் தெரியாததா? ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் முதல் போன் என்னுடையதுதான். ஆனால் வீடியோ காலில் உயரம் தெரிவதில்லை. நான்கு வருடமாக நான் பார்த்தது கழுத்துக்கு மேலே மட்டும். அந்தக் கழுத்துக்குக் கீழே, ஐந்து வயதில் நான் ஏர்போர்ட்டில் தூக்கி முத்தம் கொடுத்து அனுப்பிய உடம்பை நானாகவே ஒட்டி வைத்திருந்தேன். ஊரில் உள்ள ஊஞ்சலை எல்லாம் அளந்த இன்ஸ்பெக்டர், குழந்தையின் உயரத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூங்காப் பேச்சையே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனைவி விடவில்லை. "கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் சொன்னவள், "உங்க தாத்தா உனக்காகத் திருச்சியையே சல்லடை போட்டுச் சலிச்சாரும்மா" என்று பேத்தியிடமும் போட்டு உடைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் போனோம். அவள் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்கி மேலே வந்தது, செருப்பு இரண்டும் மணலில் கோடு கிழித்தன. கால் நீட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு தாத்தா" என்றாள்.

மனைவி செய்த உப்புமாவைப் பற்றி நான் சொல்லும் அதே குரல். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. கோயம்புத்தூர் பஸ் புறப்படும் சத்தமே காதில் கேட்டது. பக்கத்து ஊஞ்சலில் போய் உட்கார்ந்துவிட்டேன். என் காலும் மணலில்தான் இருந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, நீங்க இவ்வளவு குட்டையா? போன தடவை பெருசா இருந்தீங்க."

"அப்படியா?"

"ம். போன்ல உங்க நெத்தியும் ஃபேனும்தான தெரியும்? நான் பெருசுன்னே நினைச்சுட்டு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு, "அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டாள். அவள் அம்மா சாக்பீஸ் தின்றது, பரீட்சைக்குப் பயந்து பீரோவுக்குள் ஒளிந்துகொண்டது, இரண்டு சக்கர வண்டியோடு பால்காரர் மேல் மோதியது என்று என் மகளின் மானத்தை மொத்தமாக வாங்கினேன். பதிலுக்கு அவள், அம்மா இப்போதும் எங்களுக்குத் தெரியாமல் செய்கிற சிலவற்றை எனக்குச் சொன்னாள். இருட்டிவிட்டது. கொசு கடித்தது. சின்னக் குழந்தைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"போலாமாம்மா?" என்று எழுந்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் தாத்தா" என்றாள்.

நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.