மூக்கை உடைத்தவளை எடுத்தோம்

சீசன் பாதியில் எங்கள் பெண்கள் கால்பந்து அணியில், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் ஒருத்திக்கு முழங்கால் ஜவ்வு அறுந்துபோனது. மிச்சமிருந்த ஒரே ஸ்டாப்பருக்கும் கணுக்கால் வீக்கம். இருந்த காசுக்குப் புதிதாக ஒரே ஒருத்தியைத்தான் ஒப்பந்தம் செய்ய முடியும். அணியை நடத்தும் அரிசி ஆலை அண்ணாச்சி கோல் அடிக்க ஆள் கேட்டார். பயிற்சியாளரான நான் தடுக்க ஆள் கேட்டேன்.

"கோல் போட்டாத்தானம்மா கூட்டம் வரும்?"

"வாங்கிக்கிட்டே இருந்தா வந்த கூட்டமும் போயிரும் அண்ணாச்சி."

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையிலிருந்து ஒருத்தியை வரச் சொன்னேன். துறைமுக வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, விடிந்ததும் பாளையங்கோட்டை மைதானத்தில் வந்து நின்றாள். தேர்வு ஆட்டத்தில் அவளுக்கு எதிரே எங்கள் ஸ்ட்ரைக்கர், சீவலப்பேரிக்காரி.

முதல் கார்னரிலேயே ஸ்ட்ரைக்கர் முழங்கையால் அவள் விலாவில் இடித்தாள். விசில் என் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. வலித்தால் இவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

குனிந்தாள், எச்சிலைத் துப்பினாள், நிமிர்ந்தாள். அடுத்த உயரப் பந்துக்கு இருவரும் எம்பினார்கள். இவள் நெற்றி ஸ்ட்ரைக்கரின் மூக்கில் இறங்கியது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். ஸ்ட்ரைக்கர் விழுவதற்கு முன்பே ஓங்கி ஒரு குத்து விட்டாள். இவள் உதடு பிளந்தது. முடியைப் பிடித்துக்கொண்டு இருவரும் மண்ணில் உருண்டார்கள். விலக்கப் போன என் காதில் யாருடைய முழங்கையோ பட்டு, அன்று முழுக்க ரீங்காரம்.

"ரவுடித்தனம்லா பண்ணுதா! பஸ் ஏத்தி விடுங்கம்மா" என்றார் அண்ணாச்சி.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரைக்கர் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள்.

"அவள விட்டுராதீங்கக்கா."

"ஏட்டி, ஒன் மூக்க ஒடச்சிருக்கா."

"அதுக்குத்தான் சொல்லுதேன். வேற டீம்காரன் எடுத்துட்டா, அவளுக்கு எதுக்க நாந்தான நிக்கணும்?"

அண்ணாச்சியிடம் அதையே சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். தையல் போட்ட உதட்டோடு அவள் கையெழுத்திட்டாள். இப்போது பின்னால் ஆள் இருந்தது; ஸ்ட்ரைக்கரின் மூக்கு ஆறும்வரை முன்னால் இல்லை. ஓரத்தில் ஓடுகிற ஒருத்தியை முன்வரிசை நடுவில் நிறுத்தினேன்.

முதல் ஆட்டத்தில் இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணி தூத்துக்குடிக்காரியின் கெண்டைக்காலை மிதித்து மிதித்துக் கறுக்க வைத்தது. பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது ஆட்டத்தில், பந்தை அணைத்துக் கிடந்த எங்கள் கோல்கீப்பரின் விரல்களை ஒருத்தி வேண்டுமென்றே மிதித்தாள். இவள் ஓடிவந்து அவள் தொடையில் உதைத்தாள். சிவப்பு அட்டை. வீங்கிய கணுக்கால்காரி தனியாக நின்று தடுத்தாள். மூன்று கோல் வாங்கினோம். கூட்டம் எறிந்த தண்ணீர் பாட்டில்கள் எங்கள் தலையில் விழுந்தன.

உடைமாற்றும் அறையில் தூத்துக்குடிக்காரி சுவரைக் குத்திக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகளில் தோல் இல்லை.

"நான் அப்பவே சொன்னேம்லா" என்று வாசலில் வந்து நின்றார் அண்ணாச்சி. கதவைச் சாத்தினேன்.

"என்ன அனுப்பிருவீங்களாக்கா?"

"ஒரு ஆட்டம் வெளிய இருப்ப. பொறவு நீதான் நிக்கணும். வேற யாரு இருக்கா? கைய நீட்டு."

ஸ்பிரிட்டை ஊற்றினேன். கெட்ட வார்த்தை சொல்லிக் கையை உருவினாள். பிடித்து இழுத்து மறுபடி ஊற்றினேன்.