காயம்பட்டவனாகப் படுக்க ஓர் ஆள்

ஓசூரில் கவச வண்டி கட்டும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வண்டி கட்டுகிற வேலை இல்லை. அதை வாங்கும் போலீஸ் அதிரடி அணிகளுக்கு, குண்டடி பட்டுக் கிடப்பவர்களை அந்த வண்டியை வைத்து எப்படி மீட்பது என்று கற்றுக்கொடுக்க வேண்டும். ராணுவத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, கல்லாவியில் இருக்கிற நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவனை இந்த வேலை பிடித்துக்கொண்டது. எனக்குப் பொறுமை கிடையாது, வாயும் அவ்வளவு சுத்தமில்லை. சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு இரண்டும் ஆகாது என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

புது வண்டி வந்த அன்று பார்க்க வேண்டுமே கூத்தை. மாலை போட்டு, குண்டு துளைக்காத கண்ணாடியில் சந்தனம் பூசி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஆளாளுக்கு அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் வண்டி யாரையும் காப்பாற்றாது. அது போய் நிற்கும், அவ்வளவுதான். அதன் பின்கதவிலிருந்து கீழே கிடக்கிறவன் வரைக்கும் இருக்கிற பத்தடியில்தான் எல்லாமே இருக்கிறது. தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தவனுக்கு, ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரத்துக்குள் உயிர் போய்விடும்.

அதனால் நான் தொண்டை கிழியக் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். போலீஸ்காரர்கள் போட்டிருக்கும் கவசச் சட்டையின் பிடரியில் ஒரு பட்டை தைத்திருக்கும். இரண்டு பேர் கேடயம் பிடிக்க, இரண்டு பேர் குனிந்து ஓடி அந்தப் பட்டையைப் பிடித்து, கிடக்கிறவனைத் தரையோடு தரையாக இழுத்து வண்டிக்குள் போட வேண்டும். தூக்கக் கூடாது, அவனிடம் எதுவும் கேட்கவும் கூடாது. முதுகு சிராய்த்தால் சிராய்க்கட்டும், பல்லு போனால் போகட்டும். உயிர் இருந்தால் பல்லு கட்டிக்கொள்ளலாம்.

உத்தனப்பள்ளி பக்கம் மூடிக்கிடந்த ஒரு கிரானைட் பட்டறையில் பயிற்சி நடத்தினோம். அந்த அணிக்குத் தலைவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். வாட்டசாட்டமான ஆள். வீட்டில் தெலுங்கு, போனில் கன்னடம், அணிப் பையன்களிடம் தமிழ். காலையில் வந்ததும் எல்லாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் வேலையைத் தொடங்க மாட்டார். பையன்களுக்கு அவர் மேல் பயம் இல்லை, உயிரையே வைத்திருந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

காயம்பட்டவனாகப் படுக்க ஒரு ஆள் வேண்டும். முதல் நாள் அவர் ஒரு ஒல்லிக் கான்ஸ்டபிளைக் கை காட்டினார். அவன் படுத்தான், மற்றவர்கள் 'லாகு, லாகு', அதாவது இழு, இழு என்று தெலுங்கில் கத்தியபடி அவனை இழுத்தார்கள். கோணிப்பையை இழுக்கிற மாதிரி சுலபமாக வந்தான். மறுநாளும் அவன்தான். அதற்கு மறுநாளும் அவன்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. நாளைக்கு நீங்கள் படுங்கள் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நான் படுத்தா பசங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும் சார். அவனே படுக்கட்டும்."

குண்டு எடை பார்த்தா வருகிறது என்று பையன்கள் முன்னாலேயே கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக்கொடுத்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். கம்பெனியில்தான் என்னைக் கூப்பிட்டு, வாங்குகிற இடத்து ஆட்களிடம் இப்படிப் பேசக் கூடாது என்றார்கள். கடைசி நாள் வரைக்கும் அந்த ஒல்லிப் பையனே படுத்தான். சர்டிபிகேட் கொடுத்து எல்லாரையும் அனுப்பி வைத்தோம்.

சில மாதம் கழித்து, ஜவளகிரியைத் தாண்டி ஒரு காட்டோர ஊரில் பங்காளித் தகராறு. ஒருத்தன் நாட்டுத் துப்பாக்கியோடு வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கிட்டே போகிறவர்களைச் சுட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இந்த அணிதான் வண்டியோடு போனது. அவனிடம் கன்னடத்தில் பேசிப் பார்க்கலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் இறங்கியிருக்கிறார். ஒரே ஒரு வெடி. இரும்புத் துண்டுகள் தொடையில் பாய்ந்து, பின்கதவுக்கு நேராக விழுந்தார். ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. சுட்டவன் கொஞ்ச நேரத்தில் துப்பாக்கியைத் திண்டில் சாத்தி வைத்துவிட்டு, தானாகவே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறான்.

வண்டியில் ஏதாவது கோளாறா என்று பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஒரு கோளாறும் இல்லை. கதவு பட்டுப் போலத் திறந்தது. அந்த ஒல்லிப் பையன்தான் சாவி எடுத்து வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். கேடயம் பிடிக்க வேண்டியவர்கள் சரியாகத்தான் பிடித்தார்கள். இவனும் இன்னொருவனும் குனிந்து ஓடிப் பக்கத்தில் போய்விட்டார்கள். போனவர்கள், ஐயா எந்திரிக்க முடியுங்களா என்று கேட்டிருக்கிறார்கள்.

"'இருங்கடா, நானே வர்றேன்'னாரு சார். அதான் இருந்தோம்."

முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தாராம். விழுந்தாராம். திரும்ப ஊன்றினாராம். இரண்டு பேரும் பக்கத்திலேயே கையைக் கட்டாத குறையாக நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை அவர் எழுந்திருக்கப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு கை கொடுத்து மெல்லத் தூக்கியிருக்கிறார்கள், சொந்தக்காரரைக் கட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி.

பட்டை என்ன ஆச்சுடா என்றேன்.

"கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு சார். ஐயா சட்டையப் புடிச்சு எப்படி சார் இழுக்கறது?"

அவனை அறைந்துவிடலாம் என்று கை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. நம் ஊரில் ஒருத்தன் சட்டையைப் பிடிப்பதென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கூச்சத்தைப் பையன்கள் கையிலிருந்து எடுக்க, சப்-இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு நாள் அந்தக் கல்லுத் தூசியில் படுத்து இழுபட்டிருந்தால் போதும்.

துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். நான் யார் என்று சொன்னதும் அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "அவ்ளோ பெரிய வண்டி பக்கத்துலயே நின்னுச்சாமே சார்?" என்றார். ஆமாம்மா என்றேன். அதிலிருந்து ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை. வேலையை விட்டுவிடு என்கிறாள் மனைவி. விட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

போன மாதம் அடுத்த அணி வந்தது. அதன் தலைவர் சின்ன வயது, நன்றாகப் படித்தவர், சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்கிறவர். வண்டியைத் தொடும் முன்பே அவரைத் தனியாக அழைத்துப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாடா, ஒருத்தருக்காவது உறைத்ததே என்று எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் இன்றைக்கு நீங்கள்தான் படுக்க வேண்டும் என்றேன்.

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார்.

"பசங்க முன்னாடி எப்படி சார்?" என்றார், ரொம்ப மெதுவாக, நான் புரிந்துகொள்வேன் என்கிற மாதிரி.

பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, வரிசையில் இருந்ததிலேயே ஒல்லியானவனைக் கை காட்டினார். அவன் ஓடி வந்து படுத்தான். நான் விசிலை ஊதினேன்.