எருமையின் வாயும் என் மருமகளின் மருந்தும்

போன வெள்ளிக்கிழமை கல்முனைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். நல்ல பாரை வந்திருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பழைய சினேகிதர் — பென்ஷன் எடுத்தவர், பள்ளிவாசலில் முன் வரிசைக்காரர் — தோளில் தட்டினார்.

"என்ன மாஸ்டர், உங்கட மருமகள் இன்னும் நாய்த் தலதான் வெட்டுறாவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன்காரனும் சிரித்தான். பாரையைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் பருப்பும் முட்டையும்தான். ஏன் என்று மனைவி கேட்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தால் அவளுக்கு விளங்கும்.

சந்தையில் சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன். அந்த மனிதர் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர். வாசிக்கட்டும்.

ஓம், வெட்டுகிறாள்! என் தங்கச்சி மகள் றமீஸா, மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் விசர்நாய்க்கடி வைரஸை ஆராய்கிறாள். கடித்த நாயின் தலையை ஐஸ் பெட்டியில் வைத்து யாராவது கொண்டுவருவார்கள். மூளையில் ஒரு துளி எடுத்து, சாயம் பூசி, மைக்ரஸ்கோப்பில் பார்ப்பாள். வைரஸ் இருந்தால் பச்சைப் பச்சையாக மினுங்குமாம்.

நான் தமிழ்ப் பாடம் படிப்பித்தவன். எனக்கு இதெல்லாம் விளங்க வைத்ததும் அவள்தான்.

"இந்த வைரஸ் துப்பாக்கிச் சன்னம் மாதிரி, மாமா. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. சுத்திவர ஒரு கொழுப்புச் சட்டை போட்டிரிக்கும். சவுக்கார நுரை பட்டா அந்தச் சட்டை கரைஞ்சிரும். சட்டை போனா ஆள் சரி."

"அப்ப லேசான காரியமே!"

"தோல்ல இரிக்கிற வரைக்கும் லேசு. நரம்புக்குள்ள பூந்து மூளைக்குப் போயிட்டா... ஒண்டும் செய்ய ஏலா."

அந்த 'ஒண்டும் செய்ய ஏலா'வோடுதான் அவளுக்குச் சண்டை. வைரஸ் மூளைக்குப் போன பிறகும் ஆளைக் காப்பாற்றும் மருந்து ஒன்று வேண்டும். அதற்காக எத்தனையோ மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். எலிகள் செத்தன. ஒருமுறை சில எலிகள் மற்றவற்றைவிட ஒரு நாள் கூடுதலாக உயிரோடு இருந்தன. அந்த லீவில் வந்து அதை எனக்குச் சொன்னபோது அவள் கண்ணைப் பார்க்க வேண்டும்... ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளையின் கண்!

வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? லீவுக்கு வரும்போதெல்லாம் என் தங்கச்சி பின்வாசலில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு பீங்கானில் மண்ணும் வைத்துக் காத்திருப்பாள். நாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. எங்கள் மார்க்கச் சட்டம்.

"கையுறை போட்டுத்தானே வேலை செய்ற, உம்மா."

"இரிக்கட்டும். நாய் நாய்தான்."

றமீஸா வாய் காட்ட மாட்டாள். முழங்கை வரைக்கும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். "மண்ணுக்குப் பிறகு சவுக்காரமும் வைங்க உம்மா, ரெண்டும் நல்லது" என்பாள்.

ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? நிந்தவூரில் இருந்து வந்த சம்பந்தம் ஒன்று கூடி வந்த நேரத்தில், மாப்பிள்ளையின் தாய் கேட்டாவாம் — நாயத் தொட்ட கையாலயா என்ட மகனுக்குச் சோறு போடப்போறா? அதைக் கேட்டதும் றமீஸாவின் வாப்பா, என் மச்சான் ஆதம்பாவா, கதிரையைவிட்டு எழும்பினார்.

"அவள் கையக் கழுவிப்போட்டுத்தான் சோறு போடுவாள். நீங்க முதல்ல உங்கட வாயக் கழுவுங்க!"

சம்பந்தம் முறிந்தது. மச்சானுக்குக் கவலையே இல்லை. தேத்தண்ணிக் கடை, பள்ளிவாசல், பஸ் என்று போன இடமெல்லாம் "என்ட மகள் விசர்நாய்க்கடிக்கு மருந்து செய்றா" என்று சொல்லித் திரிந்தார். எவனாவது ஒரு பரிகாரி ஏதாவது இலையைச் சொல்லிவிட்டால் போதும், மூட்டை கட்டி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். அந்தப் பிள்ளையும் அதை அரைத்து எலிக்குக் கொடுத்துப் பார்க்கும்.

மச்சானுக்கு மாவடிப்பள்ளிப் பக்கம் வயல். ட்ரக்டர் வந்த பிறகும் சூடு மிதித்து நெல்லை உதிர்க்க எருமை வைத்திருந்தார். ஒரு பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு ஒரு எருமை இரை எடுக்காமல் நின்றது. வாயால் நுரை. கத்தினால் சத்தம் கரகரத்தது. வயலில் நின்ற எல்லாரும் ஒரே முடிவு: தொண்டையில் ஏதோ இறுகிவிட்டது, பனங்கொட்டையாக இருக்கும்.

எங்கள் வயல்காரர்கள் இதற்கு என்ன செய்வார்கள்? ஒருவர் வாயைப் பிளந்து பிடிப்பார், மற்றவர் கையை விட்டுத் தேடுவார். வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் கணபதி, காரைதீவு ஆள், வாயைப் பிடித்தார். மச்சான் முழங்கை வரைக்கும் கையை விட்டார். கை முழுக்க வெட்டு நேரத்துக் கீறல்கள். தொண்டையில் ஒன்றும் இல்லை. வாய்க்காலில் கையை அலசிவிட்டு இருவரும் சோறு தின்னப் போனார்கள். அடுத்த நாள் எருமை செத்தது. புதைத்தார்கள்.

நாயின் எச்சில் பட்டிருந்தால் மச்சான் வாய்க்காலையே கலக்கியிருப்பார். இது மாடு. நாம் அறுத்துத் தின்னும் சீவன், சுத்தமான வாய். யாருக்குத்தான் யோசனை வரும்? வயல் ஓரத்து விசர் நரி ஒன்று எருமையைக் கடித்திருக்கும் என்று எங்களில் எவனுக்கும் தோன்றவில்லை.

சில மாதம் போனது. ஒரு நாள் விடிய தங்கச்சி என்னிடம் ஓடி வந்தாள்.

"காக்கா, அவர் தொழுகைக்கு ஒழு எடுக்க ஏலாம நிக்கிறார். வாய்க்குத் தண்ணியக் கொண்டு போனா தொண்ட இறுகுதாம். கை நடுங்குது. தண்ணியப் பார்த்துப் பயப்புடுறார் காக்கா!"

ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்தார்கள். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். றமீஸாவுக்குத் தந்தி அடித்தேன்.

வந்தாள். வாசலில் நின்று வாப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் சுழன்ற விசிறியின் காற்றுப் பட்டதும் அவர் கழுத்து வெட்டி இழுத்தது. அதைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் செத்துப்போனது.

"வாப்பா, எப்பயாவது நாய் கடிச்சதா?"

"நாயா? அல்லா ஆண, என்ட நிழல்ல கூட நாய் பட்டதில்ல மகள்."

"வேற ஏதும்? நரி, பூனை, மாடு..."

எருமைக் கதையைச் சொன்னார். நடுவில் இரண்டு தரம் தொண்டை இறுகியது. சொல்லி முடித்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். எவ்வளவு நம்பிக்கையோடு கேட்டார் தெரியுமா!

"உன்ட மருந்து முடிஞ்சுதா மகள்?"

அந்த அறையில் நின்று அந்தக் கேள்வியைக் காதால் கேட்டதைவிட என் காது செவிடாகியிருக்கலாம்.

"இல்ல வாப்பா," என்றாள். வாப்பாவுக்கு அவள் பொய் சொன்னதே இல்லை.

மச்சான் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப இஞ்ச நிக்காத. கணபதியப் போய்ப் பாரு. அவன்தானே வாயப் பிடிச்சவன்."

"மாமா போகட்டும் வாப்பா, நான் உங்களோட—"

"மாமா சொன்னா அவன் ஊசி போட மாட்டான். நீ சொன்னாத்தான் கேப்பான். போ மகள்."

போனோம். தமிழர் முஸ்லிம் கலவரத்தில் றோட்டில் டயர் எரிந்த அடையாளம் மாறாத நாட்கள். எங்கள் ஊர்க்காரர் காரைதீவுக்குப் போவதும், அவர்கள் இங்கே வருவதும் ஒரு யோசனையோடுதான். ஒரு காரும் வரவில்லை. என் சைக்கிளின் பின்னால் பிள்ளை இருந்தது.

கணபதி வீட்டு வேலிக்கு உள்ளே நின்று மறுத்தார். "எனக்கு ஒண்டும் இல்லப் புள்ள. தொப்புளச் சுத்தி ஊசி போடுவாங்களாம், வயல் வேலை ஆர் பாக்கிற?"

"உங்களுக்கு இன்னும் நேரம் இரிக்கு கணபதி அண்ணன். என்ட வாப்பாவுக்கு இல்ல," என்றாள். "அவர்தான் என்னை அனுப்பின."

அந்த மனிதர் வேலியைப் பிடித்தபடி நிலத்தில் குந்திவிட்டார். பிறகு எழும்பி, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார்.

அவருக்கு முதல் ஊசி போடும் வரைக்கும் றமீஸா பக்கத்தில் நின்றாள். அதன் பிறகு வாப்பாவின் அறைக்கு ஓடினோம். மச்சான் உயிர் பிரிந்து மவுத்தாகியிருந்தார்.

மய்யித்தைக் குளிப்பாட்ட வந்தவர்களுக்கு அவளே கையுறை கொடுத்தாள், சவுக்காரம் கொடுத்தாள். அவள் கையால் தேத்தண்ணி வாங்காத பெரிய மனிதர்கள் அன்று மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள். ஆனால் ஊர் சொன்னது வேறு. வாப்பா மவுத்தாகும் நேரம் மகள் வயல்காரனைத் தேடிப் போனாளாம்! இதைச் சொன்ன வாய்களில் ஒன்றுதான் போன வெள்ளிக்கிழமை சந்தையில் சிரித்தது.

ஊசி எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் கணபதி தங்கச்சி வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். வெற்று மேல். தொப்புளைச் சுற்றி ஊசிக் குத்துகள் கன்றிக் கறுத்திருந்தன. றமீஸா அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு இத்தாவில், ஆண்கள் கண்ணில் படாமல் இருந்த தாயிடம் உள்ளே போய், "உம்மா, கணபதி அண்ணன் வந்திரிக்கார். ஊசி முழுக்கப் போட்டுட்டார்," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

உள்ளே இருந்து என் தங்கச்சியின் சத்தம் கேட்டது. "அவருக்குச் சோத்தப் போடு மகள்... வாப்பாட பீங்கான்ல போடு."

நான் அழுதேன். இப்போது எழுதும்போதும் அப்படித்தான்.

றமீஸா திரும்பிப் போய்விட்டாள். மருந்து இன்னும் முடியவில்லை. அதுவரைக்கும்... எருமை இரை எடுக்காமல் நின்றால், அதன் வாய்க்குள் கையை விடாதீர்கள்.