நட்சத்திரம் இருக்க வேண்டிய இடம்

“மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லுங்க சாமி. பாதியை முழுங்கிட்டீங்க” என்கிறாள், வீடு வீடாகப் போய் இணையம் சரிசெய்து கொடுக்கிற ரோஸ்மிரா சியாச்சோக்கே. எதிரே நிற்பவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ரவுட்டரின் பிளக்கைக் கையில் பிடித்தபடி ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை அசடு வழிய மறுபடி ஆரம்பிக்கிறார். பிடுங்கிய பிளக்கை அரை நிமிடம் கழித்துத்தான் செருக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் பொறுக்கிற ஆள் குளிர் மலை நகரமான துன்ஹாவில் இன்னும் பிறக்கவில்லை என்பது அவள் அனுபவம். அதனால்தான் இந்தச் செபக் கணக்கு. சாதாரணக் கோளாறுக்கு நிதானமாக இரண்டு மரியே, பழைய பெட்டி என்றால் மூன்று. கம்பெனிக்குப் போன் போட வேண்டிவந்தால் முழுச் செபமாலையும் சொல்லி முடித்துவிடலாம்.

ஐம்பத்திரண்டு வயது, குள்ளம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேலே முழங்கால்வரை தொங்கும் கம்பளிப் போர்வை. “இது கம்பெனிக்காரன் குடுத்தது சாமி” என்பாள். “‘தயவுசெய்து லைன்ல இருங்க’ன்னு அவன் சொல்லிட்டே இருந்தான், நான் பின்னிட்டே இருந்தேன். இப்ப ரெண்டாவது ஓடுது.” வீட்டுக்காரர், தபால்காரர், குரைக்கிற நாய், சிக்னல் தராத பெட்டி, எல்லாருமே அவளுக்குச் சாமிதான்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சிக்னல் பார்க்கப் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துவிடுமோ என்கிற மாதிரி அடிமேல் அடிவைத்து அறை அறையாக நடப்பாள். பின்னாலேயே குடும்பம் மூச்சுவிடாமல் நடக்கும். ரவுட்டரை அடுப்புக்குள்ளிருந்து எடுத்திருக்கிறாள், கிளிக்கூண்டுக்குள்ளிருந்தும் எடுத்திருக்கிறாள். ஒரு டீச்சரம்மா அதற்குக் கம்பளிக் குல்லாய் போட்டு வைத்திருந்தார். “ராத்திரி என்னமாக் குளிருது பாத்தியா, பாவம்” என்று காரணமும் சொன்னார்.

உலகத்தில் ரோஸ்மிரா நம்பாத வாக்கியம் ஒன்றே ஒன்று. “ஒண்ணும் மாத்தலை, தானா கெட்டுப்போச்சு.” எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள், சத்தியம்கூடச் செய்வார்கள்.

போன டிசம்பர் பதினெட்டாம் தேதி லியோனில்தே அம்மாளும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் கவலை இணையத்தைப் பற்றியதல்ல. மகன் ஆர்காதியோ இரண்டு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு சிலி நாட்டுக்குத் தென்கோடியில் மீன் பதனிடும் வேலைக்குப் போனவன், முகத்தையே காட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் செபத்துக்கு மட்டும் வீடியோவில் வந்து வாசகம் படிப்பதாக அந்த வருஷம் எப்படியோ இறங்கி வந்திருந்தான். முதல் நாள் படித்து முடித்ததும் அம்மாள், “எப்பய்யா வருவே?” என்று கேட்டார். படம் போய்விட்டது. மறுநாளும் கேட்டார். மறுபடி போய்விட்டது.

“லைன் கோளாறுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா? கேட்டது பிடிக்கலை, போனை வச்சுட்டான்” என்றவர், சூடான வெல்லத் தண்ணீரை ரோஸ்மிராவின் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒருவேளை கோளாறே இல்லைன்னாலும், கோளாறுன்னு சொல்லிட்டுப் போயிடு தாயே.”

பொய் சொல்லி ரோஸ்மிராவுக்குப் பழக்கமில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பெட்டி எங்க சாமி?”

அம்மாள் கூடத்து மூலையைக் காட்டினார். அங்கே இயேசு பிறப்புக் குடில்தான் இருந்தது. மாட்டுத் தொழுவம், செம்மறி ஆடுகள், கண்ணாடித் துண்டில் ஒரு குளம், பின்னால் பாசி போர்த்திய ஒரு மலை. மலைக்கு வயிறு நிறைய அடுப்படி அலுமினியத் தாள், மேலே சுற்றிச் சுற்றி வண்ண பல்புகள். உச்சியில் ஒரு ஓட்டை. அதற்குள்ளே பச்சையாக ஏதோ மினுக்கியது.

“அதுதான் நட்சத்திரம்” என்றார் அம்மாள், கொஞ்சம் பெருமையாக.

“ஒண்ணும் மாத்தலைன்னீங்களே!”

“என்னத்தை மாத்தினேன்? குடில் வருஷா வருஷம் வைக்கிறதுதானே?”

ரோஸ்மிரா பாசிக்குள் கைவிட்டு உள்ளே இருந்த பெட்டியைத் தொட்டாள். மலை, இப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த சோளரொட்டி மாதிரி சுட்டது. பகலெல்லாம் எப்படியோ தாக்குப்பிடிக்கிற பெட்டி, ஏழு மணிக்குச் செபத்துக்கென்று பல்புகளை ஏற்றியதும் வெந்துபோய், வாசகம் முடிகிற நேரத்துக்குச் சரியாக மயங்கி விழுகிறது. “பையன் வைக்கலை சாமி. உங்க மலைதான் வச்சிருக்கு.”

அம்மாள் ஆசையாகக் கேட்டார், ஆனால் நம்பவில்லை. தான் கேட்டுக்கொண்ட பொய்யைத்தான் இவள் சொல்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. மலையைப் பிரிக்கவும் விடவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே குழந்தை இயேசுவைத் தேடி மூன்று ராஜாக்கள் வந்து சேர்கிற ஜனவரி ஆறாம் தேதிவரை குடிலைத் தொடக்கூடாதாம்.

“மலை இருக்கட்டும். ஆனா நட்சத்திரம் மலைக்கு மேலதானே இருக்கணும் சாமி? மலைக்குள்ள நுழைஞ்சிருந்தா ராஜாங்க எப்படி வழி கண்டுபிடிப்பாங்க?”

அம்மாள் போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். ஐந்து நிமிஷத்தில் சுவரில் ஆணி ஏறியது, பெட்டி தொழுவத்துக்கு மேலே தொங்கியது. வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிற ரோஸ்மிரா அன்று கிளம்பவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டுப் பின்னலை எடுத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு ஆர்காதியோ வந்தான். சளி பிடித்த குரலில் வாசகத்தைப் படித்து முடித்தான். அம்மாள் ஒரு முறை ரோஸ்மிராவைப் பார்த்தார், பிறகு கேட்டேவிட்டார்.

“எப்பய்யா வருவே?”

படம் போகவில்லை. அவனும் அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றான். கூடத்தில் யாரோ, “போச்சு, நின்னுடுச்சு” என்றார்கள். அம்மாளுக்குத்தான் ரோஸ்மிராவின் பிடுங்கிச் செருகுகிற வைத்தியம் இப்போது தெரியுமே. பாய்ந்து போய் பிளக்கில் கைவைத்தார்.

ரோஸ்மிரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பெட்டியில் நாலு விளக்கும் பச்சை. படத்தில் அவனுக்குப் பின்னால் சன்னல் திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் மெல்ல ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்தான். நின்றுபோனது லைன் இல்லை, அவன்தான்.

அவள் பின்னலைக் கீழே போட்டாள். பிளக்கின்மேல் இருந்த அம்மாளின் கையைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘அருள் நிறைந்த மரியே’ என்று நிதானமாக, ஒரு வார்த்தையையும் முழுங்காமல், சொல்ல ஆரம்பித்தாள்.