தம்பி பெயருக்குத் திரும்புகிறவர்

இரும்புக் கதவை மேலே தள்ளுவதற்கு முன் கமலநாதன் அதை விரல் முட்டியால் தட்டுகிறார். தட்டிவிட்டு, உள்ளேயிருந்து பதில் வரவேண்டும் என்பது போலத் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் நிற்கிறார். அதன் பிறகுதான் பூட்டில் சாவி நுழைகிறது. கடைக்குள் யாரும் இல்லை என்பது பிரிக்பீல்ட்ஸில் இந்த வரிசைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். விற்க ஒரு பொருள் கிடையாது, மின்சாரத்தையும் வெட்டிவிட்டார்கள். "உள்ள ஆள் இருந்தா திடுக்குன்னு ஆயிடும் லா" என்கிறார், ஏதோ நாம்தான் நாகரிகம் தெரியாதவர்கள் என்பது போல.

எதிரே இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் ஓர மேசைதான் என் அலுவலகம். இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதுவதில் பாதி அங்கே டீக்கறையோடுதான் பிறக்கிறது. கமலநாதன் கடையைத் திறந்து வைத்துவிட்டு அங்கே வருவார், ஒரு டீ சொல்வார். ஒல்லியான மனிதர். அறுபதை நெருங்குகிறார். சட்டைப் பையில் 'தம்புசாமி கெனோப்பி' என்று தைத்திருக்கும். கிள்ளானில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடாரம் அடித்து, மேசை நாற்காலி வாடகைக்கு விடுவது அவர் தொழில். அதனால் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று. கையில் கயிறு அகப்பட்டால் முடிச்சுப் போடாமல் விடமாட்டார். அவர் கட்டிய டீப் பொட்டலத்தை அவிழ்க்கக் கத்தி வேண்டும்.

அந்தக் காலிக் கடை அவருடையது அல்ல. தம்பி குருநாதனுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு வயது இளையவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். போன தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கண் சோதிக்கும் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இரட்டையர் இல்லை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், அப்படி ஒரு ஒற்றுமை. அதே நெற்றி, அதே கூன், அதே இருமல். தம்பி வெளியே போனால் அண்ணன் கடையில் உட்காருவார். அண்ணன் கூடாரம் அடிக்கப் போனால் தம்பி கிள்ளானில் தொலைபேசியை எடுப்பார். "குரு அண்ணே" என்று யாராவது கூப்பிட்டால் கமலநாதன் திரும்புவார், பேசுவார், சிரிப்பார், அனுப்பி வைப்பார். "நான் அவர் இல்லை" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "கூப்பிட்டவங்கள கூச்சப்பட வைக்கலாமா? நம்ம வீட்டுல அது பழக்கம் இல்ல" என்பது விளக்கம். குருநாதனும் அப்படித்தான். ஊரே இரண்டு பேரையும் ஒருவராக எண்ணிப் பழகிவிட்டது. அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷமும் இருந்திருக்க வேண்டும்.

கடைக்குள் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன், அதுவே போதும். பிரேம்களைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். சுவரில் அவை மாட்டியிருந்த முளைகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நான்கு பக்கமும் நிலைக்கண்ணாடி. மேலே மோனோரயில் போகும்போது வெளிச்சம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறது. தம்பி செத்த நாற்காலியில்தான் கமலநாதன் உட்காருகிறார். "இங்க பாருங்க" என்று இடது கையைத் தூக்கித் தலையைக் கோதிக் காட்டினார். "நான் லெப்ட் ஹேண்ட், அவன் ரைட். கண்ணாடிக்குள்ள பாருங்க. யாரு கோதுறா?" பார்த்தேன். உள்ளே இருந்தவர் வலது கையால் கோதிக்கொண்டிருந்தார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சில வாரங்களாக அவர் டீக் குவளையை வலது கையில் எடுக்கிறார் என்பதைக் கவனித்துவிட்டு, கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இதெல்லாம் ஒரு மனிதனின் துக்கம் என்று விட்டுவிடலாம். விட முடியாமல் செய்தது ஒரு வாடகை ஒப்பந்தம்.

கடையை வாடகைக்கு எடுத்தது குருநாதன் அல்ல, அவருடைய கம்பெனியான 'தம்புசாமி ஆப்டிக்கல்'. மூன்று வருட ஒப்பந்தம். கடைச் சொந்தக்காரர்கள் ஜாமீன் கேட்டார்கள். குருநாதன் ஒரு நாள் கிள்ளானுக்குப் போயிருக்கிறார். அண்ணன் பந்திங் ஊரில் ஒரு சாவு வீட்டில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார். தம்பி அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்து தம்புசாமி கெனோப்பியின் முத்திரையை, இங்கே சொல்வதுபோல் 'சாப்'பை, எடுத்து, ஜாமீன்தாரர் என்ற இடத்தில் குத்தி, தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார். அங்கே கணக்குப் பார்க்கும் மலர்விழி எதிரிலேயே இருந்தாள். "ரெண்டு அண்ணனும் ஒன்னுதானேன்னு விட்டுட்டேன்" என்று அழுதாளாம். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவளுக்கு அப்படித்தானே காட்டி வைத்திருந்தார்கள்.

இப்போது கடைச் சொந்தக்காரர்கள் மிச்ச வாடகை முழுவதையும் கூடாரக் கம்பெனியிடம் கேட்கிறார்கள். கட்டினால் லோரிகள் போகும், கூடாரங்கள் போகும், அதை நம்பி இருக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் தெருவுக்கு வரும்.

எங்கள் தெருக்கோடியில் வழக்கறிஞர் வசுந்தராவின் அலுவலகம். யாழ்ப்பாண வம்சாவளி, வளவளவென்று பேசத் தெரியாத பெண். துணைக்கு வரச் சொல்லிக் கமலநாதன் என்னையும் அழைத்துப் போனார்.

"அங்கிள், ரெண்டு கம்பெனின்னா சட்டத்துக்கு ரெண்டு ஆள்" என்றார் வசுந்தரா. "தம்பி கம்பெனி வாடகைய உங்க கம்பெனி கட்டணும்னு சும்மா சொல்லிட முடியாது. கேரண்டி இருந்தாத்தான் சொல்லலாம். இதுல உங்க சாப் இருக்கு. ஆனா கையெழுத்துப் போட்டவர் உங்க கம்பெனியில டைரக்டரே இல்ல. அவருக்கு அதிகாரம் இல்லன்னு பைட் பண்ணலாம்."

"அப்ப ஜெயிச்சிடலாம்தானே?"

"நீங்க ஒழுங்கா இருந்தா. அவருக்கு அதிகாரம் இருக்குன்னு நீங்களே ஊருக்குக் காட்டியிருந்தா, இப்ப இல்லன்னு சொல்றது கஷ்டம். விஷயம் தெரிஞ்ச பிறகும் அந்தக் கடைய உங்க கடை மாதிரி நடத்தினா, கேரண்டிய ஏத்துக்கிட்டீங்கன்னு சொல்லுவாங்க. அவங்க தேடுறதே அதைத்தான், ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு காட்ட ஒரு சாட்சி. அந்தப் பக்கமே போகாதீங்க. குருன்னு யாராச்சும் கூப்பிட்டா திரும்பாதீங்க."

கமலநாதன் மேசைமேல் கிடந்த கோப்பு நாடாவில் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார். "அவன் கேட்டிருந்தா நானே சாப் குத்திக் கொடுத்திருப்பேனே?"

"அதை இந்த ரூமுக்கு வெளிய சொல்லாதீங்க."

"சரி. ஆளே செத்துட்டானே, அவன் கம்பெனி மட்டும் எப்படி இருக்கும்?"

"கம்பெனிக்குச் சாவு இல்ல அங்கிள். முறைப்படி மூடினாத்தான் போகும். அதுவரைக்கும் அந்தக் கடையில இருக்கிறது அதுதான்."

படியிறங்கும்போது அவர் என் தோளைத் தொட்டார். "கேட்டீங்களா? இன்னும் உள்ளதான் இருக்கானாம்." அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வசுந்தரா சொன்னது கம்பெனியை என்று திருத்த வாயெடுத்தேன். அவர் அதற்குள் தெருவைக் கடந்துவிட்டார். மறுநாள் காலையில் இரும்புக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

அதற்குச் சில நாள் கழித்து நடந்ததை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. கடைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கையசைத்தேன், அவரும் கையைத் தூக்கினார். இரண்டு டீ சொல்லிவிட்டுத் திரும்பினால், ரயில் நிலையத்துப் பக்கமிருந்து கமலநாதன் வியர்க்க வியர்க்க நடந்து வருகிறார். "கிள்ளான் கொமுட்டர் ரயிலு இன்னைக்கு லேட்டு லா, அண்ணே" என்றார். எதிரே பார்த்தேன். கதவு கீழே இறங்கிப் பூட்டோடு இருந்தது. நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் சந்தோஷப்பட்டிருப்பார். அன்றைக்கு இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

கடைச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சிவேந்திரன் என்ற சொத்து முகவரை அனுப்பினார்கள். பளிச்சென்று சட்டை, கழுத்துப்பட்டை, நல்ல பேச்சு. கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் நின்று கைப்பேசியில் படம் பிடிப்பதுதான் அவருடைய வேலை. ஒளிவுமறைவே இல்லை. "அங்கிள், நீங்க யாருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாவியக் கொடுத்திடுங்க, நான் போயிடுறேன்" என்றார். கமலநாதன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். "இன்னைக்கு ஒருநாள் கதவ மூடிட்டு வாங்க, கெஞ்சிக் கேக்கிறேன்" என்றேன். அப்போதுதான் குருநாதனின் பழைய வாடிக்கைக்காரர் வள்ளியம்மா வந்தார்.

செராஸிலிருந்து ரயில் மாறி மாறி வந்திருக்கிறார். எழுபத்தைந்து இருக்கும். தைப்பூசத்துக்கு முன்பே மகள் வீட்டோடு ஜொகூர் போய், நேற்றுத்தான் திரும்பினாராம். சுவரைத் தடவித் தடவித்தான் படியேறினார்.

"குரு, என் கண்ணாடி சரி பண்ணிட்டியாப்பா? அது இல்லாம பேரப்பிள்ள மூஞ்சியே எனக்குப் புகையா இருக்கு."

கைப்பேசி உயர்ந்தது. கமலநாதன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம். நான் குரு இல்லைம்மா, அவன் இறந்துட்டான். அதைச் சொன்னால் கடையும் தம்பியும் ஒரு பக்கம், அவரும் கூடாரங்களும் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். சொல்லித் தொலையுமய்யா என்று மனசுக்குள் கத்தினேன். பொறுக்க முடியாமல் "அம்மா, இவரு..." என்று நானே ஆரம்பித்தேன். கமலநாதன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். விரல்கள் சில்லென்று இருந்தன.

உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தார். ரிப்பேருக்கு வந்த சில கண்ணாடிகள் பெயர்ச் சீட்டோடு அதில் இருந்தன. தேடவே இல்லை. நேராக ஒன்றை எடுத்து, ஊதித் துடைத்து, இரண்டு கையாலும் அந்த அம்மாளின் முகத்தில் மாட்டினார். வள்ளியம்மா கண்ணைச் சிமிட்டினார், அண்ணாந்து அவரை நன்றாகப் பார்த்தார்.

"இப்பத்தான் தெளிவாத் தெரியிற குரு" என்றார். "ஏன்பா இப்படி இளைச்சுப் போயிட்ட? உடம்புக்கு ஒன்னும் இல்லையே?"

"ஒன்னும் இல்லம்மா" என்றார் கமலநாதன். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

சிவேந்திரனின் கைப்பேசி அசையவில்லை. கமலநாதன் குனிந்து, அந்த அம்மாளின் நரைமுடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பை வலிக்காதபடி அழுத்திச் சரிசெய்தார்.