கண்டியிலிருந்து பங்கிட்ட கடல்

மலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கடலைப் பங்கிட்டவர்கள் நாங்கள். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், கண்டியில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. மன்னார்க் கடலுக்குள் காற்றாலை நடுவதானால் யார் அனுமதி கொடுப்பது, எங்கே நடலாம், எங்கே கூடாது என்று விதிகளும் வரைபடமும் தயாரிக்க வேண்டும். கடலடி நிலம் அரசுக்கு, மீன் ஒரு திணைக்களத்துக்கு, காவல் கடற்படைக்கு. காற்றுக்குத்தான் இன்னும் சொந்தக்காரர் இல்லை என்று எங்கள் பணிப்பாளர் சிரிப்பார். சிங்களவர், நல்ல மனிதர்.

வலை வீசும் இடங்களை விலக்க வேண்டும் என்று விதியில் சேர்த்தவன் நான்தான். அக்காவின் கணவர், என் அத்தான், மன்னார்க் கரையில் மீன்பிடிப்பவர். கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் நேராக வந்தால் இன்ன இடம் என்று எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தன. எந்தப் படத்திலும் இல்லை. எழுதி அனுப்பச் சொன்னேன். அலுவலகப் புத்தி அத்தோடு நிற்குமா?

"பேரும் ஊரும் வடிவாப் போடுங்கோ அத்தான். இல்லாட்டி பதிவில எடுக்கமாட்டினம்" என்று தொலைபேசியில் வேறு சொன்னேன்.

அவர் எழுதி முடிப்பதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படம் முடிந்தால் போதும் என்றிருந்தேன். கருவாடு எடுக்க மன்னாருக்குப் போய்வரும், கண்டிக்குப் பக்கத்து மடவளை முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் அத்தான் தாளைக் கொடுத்துவிட்டார். இராணுவச் சோதனைச் சாவடியில் அது அகப்பட்டது. தமிழில் கடல் அடையாளங்கள், கீழே பெயரும் ஊரும். புலிகளுக்குப் போகும் தாள் என்று சந்தேகிக்க வேறென்ன வேண்டும்?

வியாபாரியை இரண்டு நாளில் விட்டார்கள். நேரே என்னிடம்தான் வந்தார்.

"வல்லாஹி, காத்தாடி வேலைக்குத்தான்னு சொன்னேன் சேர். சிரிச்சிட்டாங்க."

அதற்குள் அத்தானை வீட்டிலிருந்து கூட்டிப்போயிருந்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். பணிப்பாளர் முத்திரை வைத்துக் கடிதம் தந்தார். அதை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் முகாம் முகாமாக அலைந்தோம். எல்லா இடத்திலும் வாசித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆளைத் தரவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வரைபடம் எங்கே என்று கொழும்பிலிருந்து தினமும் கேட்டார்கள். அத்தானின் தாள் இல்லாமல் எதைக் குறிப்பது? தெரிந்திருந்தாலும் பயத்தில் குறித்திருக்க மாட்டேன். முப்பது வருடம் அவர் வலை போட்ட கரைக்கடல் முழுவதையும் சுற்றி ஒரே கோடு கிழித்து, உள்ளே "தற்போது பயன்படுத்துவோர் எவருமில்லை" என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். இதை இன்றுவரை அக்காவிடம் சொல்லவில்லை.