தொண்டிக்குத் தெற்கே, தண்ணீர் இறங்கிய வேளையில்

சென்ற வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: திண்டுக்கல்லிலிருந்து விடியலில் கிளம்பி, கடல் உள்வாங்கும் கரை ஒன்றில் பிள்ளைகளோடும் நாயோடும் ஒரு பகல் இருந்துவிட்டு, அன்றைக்கே வீடு திரும்ப முடியுமா? முடியும். நான் முதன்முதலில் அப்படிப் போனது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மே மாதச் சனிக்கிழமை. எனக்கு இருபது வயது. சாலையும் வண்டியும் இன்று வேறு. கடல் ஏறி இறங்கும் விதம் அதேதான். அதனால் அந்தப் பயணத்தையே எழுதுகிறேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருந்தேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போயிருந்தது. அப்போதுதான் தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஜூனில் வந்து சேரலாம், செவ்வாய்க்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று இரண்டே வரி. அம்மா படித்ததும், பெண்ணைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்றார். பள்ளி ஆசிரியரான அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, "போயி ஊரப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார், அவ்வளவுதான். எனக்கோ வேண்டுமா வேண்டாமா என்றே தெரியவில்லை. வேண்டும் என்று தூங்கப்போவேன், வேண்டாம் என்று எழுந்திருப்பேன்.

வண்டிக்கு வழி இருந்தது. அம்மாவின் தம்பி சூசை மாமாவிடம் ஒரு பழைய வேன். வாரா வாரம் சனிக்கிழமை புளி மூட்டை ஏற்றிக்கொண்டு தொண்டி போவார், கருவாடு ஏற்றிக்கொண்டு திரும்புவார். பெட்ரோலுக்குப் பத்து ரூபாய் அப்பா கொடுப்பது, நாங்கள் நான்கு பேர் ஏறிக்கொள்வது என்று பேச்சு. ஐந்தாவதாக சிப்பாய் ஏறியது. சிப்பாய் எங்கள் நாய், செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அதைத் தனியே விட்டால் கதவைப் பிறாண்டும், அடுத்த வீட்டில் விட்டால் கடிக்கும். தங்கை லில்லிக்குப் பதினொரு வயது. சிப்பாய் வராவிட்டால் தானும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் மாமாவும் அப்பாவும், பின்னால் புளி மூட்டைகளின் மேல் நாங்கள். நத்தம் இருபத்து மூன்று மைல், ஐந்து மணிக்கு வந்தது. ஆளுக்கு ஒரு டீ, பத்து நயா பைசா. கொட்டாம்பட்டிக்கு முன்பே சிப்பாய் வாந்தி எடுத்தது, நல்லவேளையாகச் சாக்கின் மேல் இல்லை. திருப்பத்தூர், காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை என்று ஒவ்வொரு ஊரிலும் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊர் இல்லாத இடத்திலும் பார்த்தார்.

"ஏன் அத்தான், கடல் என்ன ரயிலா, நேரத்துக்கு வந்து கெளம்பிப் போறதுக்கு?" என்று மாமா சிரித்தார்.

கடலும் நேரத்துக்கு வந்து போகும் என்பது மாமாவுக்கே அன்று தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் கருவாட்டுக் கடைகளைத்தான்.

கிராமத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டே முக்கால். வண்டி மீட்டரில் நூற்று மூன்று மைல். மாமா எங்களைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, இரண்டரைக்கு வருவதாகச் சொல்லித் தொண்டிப் பக்கம் திரும்பினார். பள்ளி பூட்டியிருந்தது. நீளமான ஓட்டுக் கட்டடம், ஆறு ஜன்னல். ஒரு ஜன்னல் வழியே பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட பெஞ்சுகளும் கரும்பலகையில் அழிக்காமல் விட்ட ஏழாம் வாய்ப்பாடும் தெரிந்தன. தலைமை ஆசிரியையான சிஸ்டர் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்று எதிரில் இருந்த மாதா கோயில் வாசலில் சொன்னார்கள். அம்மா பள்ளிக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, வாயில் வைத்துத் துப்பினார்.

"உப்பு. இதக் குடிச்சிட்டு எம்புட்டு நாளைக்கு இருப்ப? வெஞ்சனம் வேகுமா இதுல?"

அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கடலைப் பார்க்கலாம் என்று நடந்தார்.

கரைக்குப் போனால் கடலைக் காணோம். சத்தியமாகச் சொல்கிறேன், இல்லை. எங்கள் நான்கு பேரில் யாரும் அதுவரை கடல் பார்த்ததில்லை. கரையிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறும், வாரிப்போட்ட வைக்கோல் மாதிரி காய்ந்த கடல்புல்லும், அங்கங்கே தேங்கிய தண்ணீரும்தான். தோணிகள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வெகுதூரத்தில் வெள்ளிக் கம்பி இழுத்ததுபோல் ஒரு கோடு. அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இதுக்கா விடியுமுன்ன எந்திரிச்சு சோறு கட்டுனேன்? நம்ம கொளமே இதவிட நல்லா இருக்குமே!"

லில்லிக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் இறங்கியது சிப்பாய்தான். இரண்டடி வைத்தது, பாதம் புதைந்ததும் திடுக்கிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தது, பிறகு ஒரு நண்டைக் கண்டுவிட்டது. அதன்பின் எங்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினோம். சேறு கணுக்கால் வரைதான், அதற்கடியில் கெட்டி மணல். தேங்கிய குட்டைகளில் விரல் நீள மீன்கள், தொட்டால் சுருங்கும் கறுப்புக் கடலட்டைகள், ஐந்து கை விரித்துப் படுத்த நட்சத்திர மீன் ஒன்று. லில்லி அழுததை மறந்து டிபன் தூக்கின் மூடியில் சிப்பி பொறுக்கினாள். ஒரு நண்டு சிப்பாயின் மூக்கைக் கவ்வியது. அது போட்ட சத்தத்தில் அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

என்னால் மட்டும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. குனிந்து ஒரு சங்கை எடுப்பேன், நிமிர்ந்தால் பள்ளியின் ஓடு தெரியும், மனம் அங்கே ஓடும். திரும்பினால் அம்மாவின் முகம், மனம் வீட்டுக்கு ஓடும்.

பதினோரு மணிக்குக் கரைக்குத் திரும்பி, தோணி நிழலில் புளியோதரை சாப்பிட்டோம். அப்பா பாதியில் எழுந்து, "செத்த நேரம் நடந்துட்டு வாரேன்" என்று போனார். சிப்பாய் கூடவே ஓடியது. கரையிலிருந்து இரண்டு பர்லாங் தொலைவில் ஒரு மணல்திட்டு. அதற்கு முன்னால் கால்வாய்போல ஒரு பள்ளம், அப்போது முழங்காலுக்கும் குறைவாகத் தண்ணீர். இருவரும் அதைக் கடந்து திட்டுக்குப் போனதைப் பார்த்தேன். அப்பா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சாப்பாடும் வெயிலும் சேர்ந்து, நானும் அம்மாவும் லில்லியும் கண் அசந்துவிட்டோம்.

ஒரு பெண்குரல் எழுப்பியது. கூடையில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டு திரும்பிய நாற்பது வயதுக்காரர். பிறகு தெரிந்துகொண்ட பெயர் அந்தோணியம்மா.

"அந்தா திட்டுல ஒக்காந்திருக்கது ஒங்க ஆளா? தண்ணி ஏறுதே, கூப்புடுங்க!"

மணி ஒன்று இருக்கும். எழுந்து பார்த்தால் காலையில் நாங்கள் நடந்த சேறு முழுவதும் தண்ணீர். அலை எதுவும் இல்லை. சத்தமில்லாமல், தரையிலிருந்து ஊறியதுபோல் வந்திருந்தது. திட்டு ஒரு வீட்டு முற்றத்தின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார். சிப்பாய் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் குரைத்து, அவர் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. காலை முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்த மனிதர், அங்கே போனதும் அதை மறந்திருக்கிறார். அவருக்கு நீச்சல் தெரியாது.

"ஏங்க! வாங்களேன்! நாய விட்டுட்டு வாங்க!" என்று அம்மா கத்தினார். காற்று எங்கள் பக்கம் அடித்தது, குரல் போய்ச் சேரவில்லை.

"பயப்புடாதீக" என்றார் அந்தோணியம்மா. "பள்ளத்துல இடுப்பளவுதான். அந்த மூங்கி நட்டிருக்கு பாருங்க, அத ஒட்டியே நடந்தா மணல் கெட்டி. வடக்க நகந்தா சேறு இழுக்கும். இன்னும் அர மணி போச்சுன்னா நெஞ்சுக்கு வந்துரும். நான் போயி கூட்டியாரேன்."

"நானும் வாரேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அம்மா என் கையைப் பிடித்தார், நான் விடுவித்துக்கொண்டேன்.

சேலையை இழுத்துச் செருகி, அவருக்குப் பின்னால் நடந்தேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். பள்ளத்தில் தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது காலடியில் மணல் நழுவியது. பயம் வந்தது. ஆனால் ஒரு வருடத்தில் முதல்முறையாக, அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைத் தவிர என் தலைக்குள் எதுவும் இல்லை.

என்னைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம். "நீ ஏன் வந்த? யாரு ஒன்னைய வரச் சொன்னது?"

"நாயத் தூக்கிக்கிட்டு வாங்கப்பா. ஆழம் இல்ல."

அவர் அசையவில்லை. சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றார். அந்தோணியம்மா சற்றுத் தள்ளிக் கூடையை இடுப்பில் வைத்து நின்று வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு கடுதாசி எழுதி வச்சிருக்கேன்" என்றார் அப்பா. "ஒம் பேர்லயே. ஒண்ணு வாரேன்னு, ஒண்ணு வரலன்னு. ஊரப் பாத்துட்டு எதப் போடுறதுன்னு முடிவு பண்ணலாம்னு நெனச்சேன். ரெண்டு மணி நேரமா இங்க ஒக்காந்து பாக்குறேன், முடியல. அனுப்புனா ஒங்கம்மா பேச மாட்டா. அனுப்பலேன்னா நீ அந்தக் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தே... எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவர் கவனித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பெயரில் இரண்டு கடிதம் எழுதியவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை என்ற கோபமும் கூடவே வந்தது.

"என்னயக் கேட்டீங்களாப்பா?"

"கேக்கல" என்றார்.

"அண்ணே, பேச்சக் கரையில பேசிக்கலாம், வாங்க" என்றார் அந்தோணியம்மா.

அப்பா சிப்பாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். முன்னால் அந்தோணியம்மா, நடுவில் அப்பா, பின்னால் அவர் சட்டையைப் பிடித்தபடி நான். பள்ளத்தின் நடுவில் சிப்பாய் மிரண்டு அவர் தோள்மேல் ஏறப் பார்த்தது. அப்பா தடுமாறி, கழுத்துவரை மூழ்கி எழுந்தார். நாயை விடவில்லை. நான் அவர் இடுப்பைப் பிடித்து நிமிர்த்தினேன். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும்வரை பிடியை விடவில்லை.

கரையில் அம்மா என்னை முதுகில் ஓர் அறை வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதார். லில்லி நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா சட்டைப் பையிலிருந்து இரண்டு கடிதங்களையும் எடுத்தார். மை கரைந்து, எது எந்தக் கடிதம் என்றே தெரியவில்லை.

நான் சேலையைப் பிழிந்துவிட்டு, அப்படியே பள்ளிக்கு நடந்தேன். சிஸ்டர் வந்திருந்தார். சொட்டச் சொட்ட நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேணும்மா?"

"கடிதம் போட்டிருந்தீங்க, சிஸ்டர். ஜூன்ல வாரேன்னு சொல்ல வந்தேன்."

மாமா இரண்டே முக்காலுக்கு வந்தார். திரும்பும்போது கருவாட்டு மூட்டைகளின்மேல் உட்கார்ந்தோம், அந்த வாசனையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். கடல்தண்ணீரைக் குடித்திருந்த சிப்பாய் தேவகோட்டைவரை மூன்றுமுறை வாந்தி எடுத்தது. அம்மா ஐந்து மணி நேரம் வாய் திறக்கவில்லை. நத்தத்தில் டீ வாங்கி நீட்டியபோதுதான், யாரையும் பார்க்காமல் கேட்டார்: "குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்வா?"

"நாந்தான் வாரா வாரம் போறேனே அக்கா. ரெண்டு டின் வேன்ல போட்டா ஆச்சு" என்றார் மாமா.

அம்மா டீயை வாங்கிக்கொண்டார். வீடு வந்தபோது மணி எட்டரை.

அந்தப் பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். முதல் வருடம் அழாத வாரம் கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. கடல் இறங்கும் நேரம் நாளுக்கு முக்கால் மணிக்கும் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும். முதல்நாளே கரையில் விசாரியுங்கள், மட்டி பொறுக்குகிற பெண்களுக்குத்தான் சரியாகத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிறைய நடக்கலாம், ஆனால் தண்ணீர் திரும்புவதும் அதே அளவு அதிகம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரைப்பக்கம் வந்துவிடுங்கள். பள்ளத்தைத் தாண்டி உட்கார வேண்டாம். நாய்க்கு நல்ல தண்ணீர் தனியாக எடுத்துப் போய், கரையில் இறங்கும் முன்பே குடிக்கக் கொடுங்கள். திரும்பும்போது பாதங்களைக் கழுவித் துடைத்துவிடுங்கள், உப்பு வெடிப்பு உண்டாக்கும்.

இன்னொன்று. பிள்ளைகளையும் நாயையும் எப்படியும் யாராவது பார்த்துக்கொள்வார்கள். சாப்பாட்டில் பாதியில் எழுந்து, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போகிற பெரியவரையும் உங்களில் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.